எங்கள் விலாசத்துக்கு வந்த கப்பல்

அத்தை வேலை பார்க்கும் கடையில் எதைக் கேட்டாலும் "அடுத்த வாரம் வந்துடும்" என்றுதான் பதில் வரும். பெயர்ப்பலகையில் வேறு என்னமோ எழுதியிருக்கிறது. நான் அதற்கு வைத்த பெயர் அடுத்தவாரக் கடை.

கைவேலைச் சாமான் விற்கிற கடை அது. பெயிண்ட், பிரஷ், பாசிமணி, பின்னல் நூல், பொம்மை செய்கிற களிமண், மெல்லிய மரச்சட்டம், பித்தளை ஆணி, பசை. பொழுது போகாதவர்களும் பொழுது போதாதவர்களும் வருகிற இடம். உள்ளே ஒருவர் நடந்தால் இன்னொருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். குண்டான ஆள் வந்தால் அன்றைக்குக் கடை அவருக்கு மட்டும்தான்.

வருகிறவர்களில் பாதிப்பேர் வாங்க வருவதில்லை, தடவிப் பார்க்க வருகிறார்கள். பிரஷை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார்கள். நூலை இழுத்துப் பார்ப்பார்கள். எது நல்லது, எது கையில் ஒட்டும், எது வெயிலில் வெளுக்கும் என்று அத்தையிடம் விலாவாரியாகக் கேட்பார்கள். அப்புறம் லேபிளை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு "வர்றேங்க" என்று கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போய் அதையே ஆன்லைனில் வரவழைப்பார்கள். முதலாளி சும்மா விடுவாரா? ஒருநாள் மெனக்கெட்டு உட்கார்ந்து எல்லா பெயிண்ட் டப்பாவின் லேபிள் மேலும் வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டார். மறுநாள் எது நீலம், எது பச்சை என்று அவருக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து அத்தைதான் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு வைத்துக் காட்டுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நகம் ஒரு நாள் கத்தரிப்பூ நிறம், ஒரு நாள் கருமை. அப்பா பார்த்துவிட்டு, கதவில் விரலை நசுக்கிக்கொண்டாயா என்று கேட்பார்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டில் பின்பக்க அறை அவளுடையது. நாற்பது தாண்டிவிட்டது. தாத்தா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் போய்ச் சேர்ந்து இவள் நிமிர்ந்து பார்த்தபோது பெண் கேட்டு வருகிறவர்களும் நின்றுபோயிருந்தார்கள். அதைப் பற்றி அவள் குறைப்பட்டு நான் பார்த்ததில்லை. கிண்டல் செய்தால் சிரிப்பாள். எனக்குச் சிரிக்கிற ஆள் வேண்டும், அதனால் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போன பிறகு அவள் கடையில்தான் போய் உட்கார்ந்திருப்பேன்.

சனிக்கிழமை தவறாமல் ஒருவர் வருவார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிப் பல வருஷம். மாதிரிக் கப்பல் கட்டுகிறார், பழைய காலத்துப் பாய்மரக் கப்பல். ஆனால் மனிதர் கடலில் கால் நனைத்ததே இல்லை, பஸ்ஸில் வந்தாலே தலை சுற்றும் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார். நான் அவருக்கு மாலுமி என்று பெயர் வைத்தேன். அத்தை முதலில் கோபித்துக்கொண்டாள். அப்புறம் அவளும் வீட்டில் மாலுமி என்றே சொல்லத் தொடங்கினாள்.

மாலுமி ஒரே நேரத்தில் இரண்டு சாமான் வாங்க மாட்டார். இந்த வாரம் ஒரு மரச்சட்டம். அடுத்த வாரம் கொஞ்சம் ஆணி. அதற்கடுத்த வாரம் பசை. சரியான கஞ்சன் என்றார் முதலாளி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் கவனித்தேன். பித்தளை ஆணி பாக்கெட்டாகத்தான் வரும். ஒரு பாக்கெட் வாங்கினால் கப்பல் முழுவதற்கும் போதும். அத்தை அந்தப் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு சிட்டிகை ஆணியைத் தாளில் மடித்து, பொட்டலமாக அவரிடம் கொடுப்பாள். வேறு யாருக்கும் அப்படிப் பிரித்துக் கொடுத்து நான் பார்க்கவில்லை. அவரும் முழுப் பாக்கெட் கொடுங்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாக்கெட் ஆணியை மழைக்காலம் முழுக்க ஓட்டினார்கள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கப்பல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்வார். அத்தை கேட்டுக்கொண்டே பாசிமணி பிரிப்பாள். அடித்தளம் முடிந்தது, பலகை ஒட்டியாயிற்று, ஒரு பலகை வளைந்துகொண்டது, அதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து நிமிர்த்தினேன் என்று ஏதோ வீட்டில் வளர்கிற பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார். நான் வேண்டுமென்றே நடுவில் புகுந்து, கப்பலில் கழிப்பறை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மனிதர் யோசித்துவிட்டு, அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார். கடையின் வியாதி அவருக்கும் தொற்றிவிட்டது.

பாய்மரம் நிறுத்திய பிறகுதான் சிக்கல். கயிற்றுக்குப் பதில் கட்டுகிற மெழுகு நூல், தலைமுடி அளவு மெல்லியது, பழுப்பு நிறம். கடையில் இல்லை. அடுத்த வாரம் வந்துவிடும் என்றார் முதலாளி. வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மாலுமி ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, வெறுங்கையோடு போனார். கப்பல் கயிறில்லாமல் நிற்கிறது என்றார். அவர் போன பிறகு அத்தை அந்தக் காலி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் அவளே தன் ஃபோனை எடுத்து, ஆன்லைனில் அந்த நூலைத் தேடி, ஸ்டூலை இழுத்துப்போட்டு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள். அங்கே பார்த்தால் பழுப்பிலேயே பத்து விதம். மாலுமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாங்கியவர்கள் எழுதியிருந்த கருத்தையெல்லாம் அத்தை சத்தமாக வாசித்தாள். ஒருவர் அருமை என்று எழுதியிருந்தார், அடுத்தவர் அதே நூலைக் குப்பை என்று எழுதியிருந்தார். தொட்டுப் பார்க்காமல் யாரை நம்புவது என்று இரண்டு பேரும் வெகுநேரம் விவாதித்தார்கள். நான் பார்த்தவரை அவர்களுக்கு முடிவெடுக்கிற அவசரம் இல்லை.

ஆர்டர் போட்டாள். அவசரத்தில் ஒரு தப்பு செய்துவிட்டாள். விலாசம் கேட்கிற இடத்தில் ஏற்கனவே நிறைந்திருந்த எங்கள் வீட்டு விலாசத்தை மாற்றவில்லை. பார்சல் எங்கள் வீட்டுக்கு வந்தது. காலணிப் பெட்டி அளவு அட்டைப்பெட்டி, உள்ளே காற்றுப்பை, காற்றுப்பைக்குள் இன்னொரு பை, அதற்குள் சுண்டுவிரல் அளவு ஒரு நூல்கண்டு. அப்பா பிரித்துப் பார்த்துவிட்டு, பல்லுக்கு நூல் வாங்கினாயா என்று கேட்டார்.

அத்தை அதைச் சனிக்கிழமை பையில் எடுத்துப் போய் மாலுமியிடம் கொடுத்தாள். விலாசம் மாறிப்போச்சு, மன்னிச்சுக்குங்க என்றாள். அவர் நூலை விரலில் சுற்றிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. அன்றைக்கே அடுத்த சாமானுக்கு ஆர்டர். அதுவும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அதற்கடுத்ததும்.

விலாசம் மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், நான் மாற்றித் தரவா என்று. அத்தை நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டே, "இருக்கட்டும்" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஆர்டர் போட ஒரு சனிக்கிழமை, பார்சலை வாங்கிக்கொள்ள இன்னொரு சனிக்கிழமை. ஆணிப் பொட்டலத்தைவிட இது நல்ல ஏற்பாடு.

இப்படியாக ஒரு கப்பல் எங்கள் வீட்டு வாசல் வழியாகத் துண்டு துண்டாகப் போனது. சின்னச் சக்கரங்கள், நங்கூரம், மணி, பாய்க்குத் துணி. அவள் ஒவ்வொன்றையும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவாள். அப்பா தினமும் ஏதாவது சொல்வார். இந்த வயசில் யாருக்குப் பொதி சுமக்கிறாய் என்பார். கோபம் என்றில்லை, அவருக்குப் பயம், அவ்வளவுதான்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் நான் வம்புக்கு இழுத்தேன்.

"என்ன அத்தை, மாலுமி கேட்டா கப்பல்ல ஏறிடுவ போலிருக்கே?"

அடிப்பாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்தேன். அடிக்கவில்லை. கையிலிருந்த துணியை நாலாக மடித்து வைத்தாள்.

"கேட்டா ஏறிடுவேன்."

நான் அடுத்த துணியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவர் கேட்பார் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். காரணம் இருந்தது. பாய் கட்டத் தொடங்கிய வாரம் அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து, குடையை எடுத்து, மறுபடியும் உட்கார்ந்து, கப்பல் முடிந்ததும் முதலில் உங்களுக்குத்தான் கொண்டுவந்து காட்டுவேன் என்றார். "அப்புறம் உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்னு இருக்கேன்" என்றும் சொன்னார். சொல்லிவிட்டுப் போகிற வேகத்தில் குடையை மறந்துவிட்டு, திரும்பி வந்து எடுத்துப் போனார். அன்றைக்கு அத்தை நகத்தில் மூன்று நிறம்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்? ஒரு சனிக்கிழமை கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தபோது அத்தை ஃபோனில் அந்த ஆன்லைன் கடையைத் திறந்து வைத்திருந்தாள், மாலுமி வந்தால் காட்டலாமென்று. முதலாளிக்கு வந்ததே ஆத்திரம்.

"என் கடையில உக்காந்துக்கிட்டு அவன் கடைக்கு வியாபாரம் பண்றியாம்மா? சம்பளம் யார் குடுக்கறா, நானா அவனா? எல்லாம் அந்தக் கப்பல்காரருக்காகத்தானே?"

அத்தை ஃபோனை அணைத்து வைத்தாள். முதலாளி சொன்னது சரிதான். நான்தான் வாசல் பக்கம் பார்த்தேன். மாலுமி படியில் நின்றுகொண்டிருந்தார். மழை இல்லை, குடையை மெதுவாக மடித்துக்கொண்டிருந்தார், ஏற்கனவே மடித்திருந்த குடையை. உள்ளே வந்தார். அன்றைக்கு ஃபோன் பக்கமே பார்க்கவில்லை. தேவையில்லாத பிரஷ் ஒன்றை எடுத்து, நேராகக் கல்லாவில் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை புது ஃபோனோடு வந்தார். வெளியூரில் இருக்கிற மகள் வாங்கி அனுப்பியதாம். ஆன்லைன் கடைக்கு வேண்டியதெல்லாம் மகளே போட்டுக் கொடுத்துவிட்டாள், பெயர், நம்பர் எல்லாம். விலாசம் மட்டும் சரியாக ஏறவில்லை, கொஞ்சம் பார்க்கிறீர்களா என்று அத்தையிடம் நீட்டினார். நான் பெயிண்ட் அலமாரிக்குப் பின்னால் டப்பா மூடிகளை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

அத்தை ஃபோனை வாங்கினாள். அவர் விலாசத்தைச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கதவு எண், தெரு, மாடி. தப்பில்லாமல் அடித்தாள். ஒரு தடவை வாசித்தும் காட்டினாள்.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது" என்றார் அவர். "இத்தனை நாள் என் சாமானையெல்லாம் நீங்க பஸ்ல சுமந்துட்டு வந்தீங்க. என்னால உங்களுக்குப் பேச்சு வேற. எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு."

அத்தை ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தொந்தரவெல்லாம் இல்லை சார். எனக்குப் பிடிச்சுத்தான் கொண்டுவந்தேன்."

அவ்வளவு பட்டவர்த்தனமாக அத்தை யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. மாலுமி தலையை ஆட்டினார்.

"உங்க நல்ல மனசு அப்படிச் சொல்ல வைக்குது" என்றார்.

மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை அவர் தலையில் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அவர் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்த சனிக்கிழமைகளில் கடைக்கதவு திறக்கும்போதெல்லாம் அத்தை நிமிர்ந்து பார்ப்பாள். பாசிமணி கேட்டு ஒரு கல்லூரிப் பெண். களிமண் கேட்டு ஒரு டீச்சர். தடவிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் முகத்தைச் சரிசெய்துகொண்டு வாங்க என்பாள். பார்க்கிற எனக்கே கழுத்து வலித்தது. கடைசியில் முதலாளியிடம் போய், வார விடுமுறையைச் சனிக்கிழமைக்கு மாற்றித் தரச் சொன்னாள். தான் திட்டியதில் வருத்தம் என்று நினைத்துக்கொண்டு அவர் உடனே சரி என்றார்.

சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்து துணி துவைத்தாள். போர்வை, திரைச்சீலை, தலையணை உறை, எல்லாம் முந்தின வாரம் துவைத்தவைதான். அழுக்குத் தீர்ந்துபோனால் சும்மா உட்கார்ந்துவிடுவாளே என்று நான் வெள்ளிக்கிழமை சாயங்காலமே தெருப்புழுதியில் புரண்டுவிட்டு வருவேன். அம்மா என் முதுகில் நாலு வைத்தாள். அது பரவாயில்லை.

அப்படி மூன்று நாலு வாரம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை முதலாளி கணக்குப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார், சனிக்கிழமை அந்தக் கப்பல்காரர் வந்திருந்தார் என்று.

அத்தை கையிலிருந்த டப்பாவை வைத்தாள். என்ன வாங்கினார் என்று கேட்டாள்.

ஒன்றும் வாங்கவில்லையாம். கையில் பெரிய பெட்டி ஒன்று வைத்திருந்தாராம், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவங்க இல்லையா என்று கேட்டாராம். முதலாளி, அவங்க இப்போ சனிக்கிழமை வர்றதில்லை, கேட்டு மாத்திக்கிட்டாங்க என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். பெட்டியில் என்ன, காட்டுங்களேன் என்றும் கேட்டிருக்கிறார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாராம். அப்புறம் கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு போய்விட்டாராம், கை இரண்டும் பெட்டியில் இருந்ததால்.

அத்தை அடுத்த சனிக்கிழமையே வேலைக்குத் திரும்பினாள். முதலாளிக்குக் குழப்பம், ஆனாலும் கேட்கவில்லை. மாலுமி வரவில்லை. எப்படி வருவார்? தன்னால்தான் அவள் விடுமுறையை மாற்றிக்கொண்டாள் என்று அவர் நினைத்திருப்பார். அது உண்மையும்கூட. ஆனால் அவர் நினைத்த மாதிரி இல்லை.

நான் சொன்னேன், நேரே அவர் வீட்டுக்குப் போய்விடு, விலாசம்தான் உனக்கு மனப்பாடமாயிற்றே என்று.

"போய் என்னன்னு சொல்றது?" என்றாள். "கையில ஒண்ணுமில்லாம எப்படிப் போய் நிக்கிறது?"

அது நியாயமான கேள்வியாக எனக்குப் படவில்லை. ஆனால் அவளுக்கு அது பெரிய சுவர். இத்தனை நாளும் ஒரு சாமான் இல்லாமல் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அதனால் நான் ஒரு வேலை செய்தேன். அவள் ஃபோனை எடுத்து, பழைய மெழுகு நூலையே ஒன்று ஆர்டர் போட்டுவிட்டேன். எப்போதும் போல எங்கள் வீட்டுக்கே.

பார்சல் வந்ததும் அத்தைக்குத் தெரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "எப்பவோ போட்ட ஆர்டர், இப்பத்தான் வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றாள். குளித்துவிட்டு வந்தாள், நகத்திலிருந்த பெயிண்டைச் சுரண்டி எடுத்தாள், நல்ல துணி உடுத்திக்கொண்டாள். அப்பா பார்த்தார். வழக்கமாகச் சொல்கிற எதையும் சொல்லாமல் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். கூட வரவா என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பார்சலோடு பஸ் ஏறினாள்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தாள். பார்சல் கையிலேயே இருந்தது.

மாடி பூட்டியிருக்கிறதாம். கீழ்வீட்டில் ஒரு தையல்காரர் இருக்கிறார், அவர்தான் சொன்னாராம். மகள் காரோடு வந்து போன வாரம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், இனிமேல் அங்கேதான், தனியாக இருக்க வேண்டாம் என்று ரொம்ப நாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். இவர்தான் கப்பல் முடியட்டும், கப்பல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாராம். எந்த ஊர் என்று தையல்காரருக்குத் தெரியவில்லை. தூரமான ஊர் என்றார், ராத்திரியெல்லாம் கார் ஓடவேண்டிய தூரம்.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"ஃபோன் நம்பர் இருக்குமேம்மா. ஒரு வார்த்தை பேசிட வேண்டியதுதானே?"

அத்தை இல்லையென்று தலையசைத்தாள். எல்லா ஆர்டரிலும் போட்டது எங்கள் விலாசம், அவள் நம்பர். அவருடையது ஒன்றுகூட அவளிடம் இல்லை. கடைசி நாள் அவர் ஃபோன் கைக்கு வந்தபோது நம்பர் திரையிலேயே இருந்ததாம். அடுத்தவர் நம்பரைப் பார்க்கக்கூடாது என்று அவள் அதற்குக் கீழே மட்டும் பார்த்துக்கொண்டு விலாசத்தை அடித்திருக்கிறாள்.

அப்பா எழுந்து உள்ளே போனார். அவர் பிறந்ததிலிருந்து தனக்கே தண்ணீர் எடுத்துக் குடிக்காதவர். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து தங்கை முன்னால் வைத்துவிட்டு, அங்கேயே நின்றார்.

அத்தை தண்ணீரைக் குடிக்கவில்லை. பார்சலின் ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டிருந்தாள்.

"கார்ல மடியில வச்சுக்கிட்டே போனாராம், பெட்டியை" என்றாள். "உள்ள பஞ்சு வச்சாரா இல்லையான்னு தையல்காரர்கிட்ட கேக்கணும்னு தோணவே இல்லை எனக்கு. அவ்வளவு தூரம் குலுங்கினா பாய்மரம் தாங்காது."